திறந்து வைத்த பாட்டில்

(தளவானூரில் நடைபெற்ற இளைஞர்கள், வணிகர்கள் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



   

நோட்டீஸில் தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு சகோதரர் வாசலிலேயே என்னை மடக்கினார். “ஹஜ்ரத், வக்ஃபு பற்றிப் பேசுவீர்கள், இட ஒதுக்கீடு பற்றிப் பேசுவீர்கள் என்று வந்தால் ‘பல் ஆஸ்பத்திரியும் நாமும்’ என்று போட்டிருக்கிறதே?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வக்ஃபு பற்றிப் பேச எனக்கும் ஆசைதான். ஆனால் நம் அமைப்பின் சார்பில் இலவசப் பல் மருத்துவ முகாம் நடத்துவது என்று முடிவாகி, அந்தப் பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வாணியம்பாடி நினைவுக்கு வந்துவிட்டது.

வாணியம்பாடியை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தோல் தொழிலும் இஸ்லாமியா கல்லூரியும் உள்ள ஊர். இந்தக் கூட்டத்திலேயே அங்கே பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள் இருக்கிறீர்கள். அந்த ஊரில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போய் வந்தவர்களில் 10 பேர் மூளையைத் தாக்கும் ஒரு நோய்க்கு ஆளானார்கள். அவர்களில் 8 பேர் இறந்து போனார்கள். பல் வலிக்காகப் போனவர்கள், சகோதரர்களே! புற்றுநோய்க்கோ இதய நோய்க்கோ போனவர்கள் அல்லர்.

நடந்தது இதுதான். 2022 ஜூலைக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையில் வட தமிழகத்திலிருந்து 21 பேர் ஒரே மாதிரியான குறிகளோடு நோயில் விழுந்தார்கள். காய்ச்சல், கடும் தலைவலி, நாக்குழறல், முகத்து நரம்புகள் செயலிழத்தல். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களுக்குச் சந்தேகம் வந்தது. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து விசாரணையில் இறங்கின. நோயாளிகள் ஒவ்வொருவரும் எங்கே போனார்கள், என்ன செய்துகொண்டார்கள் என்று தேடிக்கொண்டே போனபோது, பத்துப் பேரின் பாதை ஒரே பல் மருத்துவமனையில் வந்து முடிந்தது. ஆய்வின் முழு விவரம் 2025-ல் லான்செட் குழுமத்தின் தென்கிழக்கு ஆசியப் பதிப்பில் வெளியானபோதுதான் நம்மில் பலருக்கு விஷயமே தெரியும்.

அந்த மருத்துவமனையில் என்ன தவறு நடந்தது தெரியுமா? காலாவதியான மருந்தா? போலி டாக்டரா? இல்லை. ஒரு சலைன் பாட்டில்! பல் பிடுங்கிய இடத்தைக் கழுவ ஊற்றுகிற உப்புத் தண்ணீர். ஈறை எலும்பிலிருந்து நெம்பி விலக்குகிற கருவி ஒன்று உண்டு. நோயாளியின் வாய்க்குள் போகிற அந்தக் கருவியாலேயே பாட்டிலின் மூடியைக் குத்தித் திறந்திருக்கிறார்கள். ஒரு நோயாளிக்கு ஊற்றியது போக மீதி இருந்தால், வாயில் பஞ்சை லேசாக அடைத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். அடுத்தவர் வந்தால் அதே பாட்டில். அதற்கடுத்தவருக்கும் அதே பாட்டில். பயன்பாட்டில் இருந்த அந்தச் சலைனைச் சோதித்தபோது அதில் கிருமி இருந்தது.

அந்த நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயர். பர்கோல்டேரியா சூடோமல்லை என்கிற கிருமியால் வருவது. இது மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிற கிருமி. வயல் சேற்றில் இருக்கும், மழைக்காலத்தில் கூடும். 1911-ல் ரங்கூனில் விட்மோர் என்ற ஆங்கில மருத்துவரும் சி.எஸ். கிருஷ்ணசாமி என்ற நம் நாட்டு மருத்துவரும் சேர்ந்துதான் இந்த நோயை முதன்முதலில் இனங்கண்டார்கள். பிற்காலத்தில் விட்மோர் பெயரை மட்டும் நோய்க்கு வைத்துவிட்டு, கிருஷ்ணசாமியைக் கழற்றி விட்டார்கள். அது வேறு கதை. நமக்குத் தெரிய வேண்டியது, சர்க்கரை நோய் உள்ளவர்களை இந்தக் கிருமி எளிதில் வீழ்த்தும் என்பதுதான். இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வணிகப் பெருமக்களில் எத்தனை பேர் காலையில் மாத்திரை போட்டுவிட்டு வந்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை!

சாதாரணமாக இந்தக் கிருமி தோல் கீறல் வழியாகவோ மூச்சு வழியாகவோ உடம்புக்குள் போகும். வாணியம்பாடியில், பிடுங்கிய பல்லின் பச்சைப் புண்ணுக்குள் நேராக ஊற்றப்பட்டிருக்கிறது. வாயிலிருந்து மூளைக்கு நரம்பு வழியே தூரம் அதிகமில்லை. இந்தக் கிருமியிலும் நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறக்கூடிய ஒரு வகைதான் அங்கே இருந்ததாக ஆய்வு சொல்கிறது.

வியாபாரிகளுக்கு இதை நான் வேறு மாதிரிச் சொல்கிறேன். நெய் டின்னைத் திறந்தால் எந்தக் கரண்டியை உள்ளே விடுவது என்று உங்களுக்குத் தெரியும். கடைப் பையன் ஈரக் கையை ஊறுகாய் ஜாடிக்குள் விட்டால் சத்தம் போடுவீர்கள், சரக்கு கெட்டுவிடும் என்று. இதே நியாயம்தான் அங்கேயும். ஒரு முறைக்கு என்று செய்யப்பட்ட பாட்டிலை ஒருவருக்குத்தான் பயன்படுத்த வேண்டும். மீதியைக் கொட்டிவிட வேண்டும். சில பத்து ரூபாய்ச் சரக்கு அது. அதை மிச்சம் பிடித்ததில் எட்டு ஜனாஸா!

அந்த மருத்துவர் வேண்டுமென்று செய்தாரா என்றால், நான் அப்படி நினைக்கவில்லை. பழக்கம். நேற்றும் அப்படித்தான் செய்தோம், ஒன்றும் ஆகவில்லையே என்கிற பழக்கம். அந்தப் பழக்கம் என்னிடமும் இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஊரில் ஒரு பல் முகாம் நடத்தினோம். நான்தான் அமைப்பாளர். மதரஸாவின் வராண்டாவில் நான்கு நாற்காலி. காலை ஒன்பது மணியிலிருந்து லுஹர் வரைக்கும் நூறு பேருக்கு மேல் வந்தார்கள். டாக்டர்கள் கொண்டுவந்திருந்த கண்ணாடியும் கூர்முனைக் கருவியும் பன்னிரண்டு செட்தான். ஒரு பிளாஸ்டிக் பேசினில் பால் போலக் கலங்கிய மருந்துத் தண்ணீர். பார்த்து முடித்த கருவியை அதில் போடுவார்கள்; இரண்டு நிமிடத்தில் எடுத்து, துணியில் துடைத்து, அடுத்தவர் வாயில் வைப்பார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு, “சீக்கிரம், சீக்கிரம்” என்று அவசரப்படுத்திக்கொண்டு நின்றேன். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று எண்ணிக்கை வந்தது. அந்தப் பேசினைப் பற்றி யாரும் எழுதவில்லை. எனக்கும் அன்று அது தவறு என்று தெரியாது. யாருக்காவது எதாவது வந்ததா என்றும் தெரியாது. மஞ்சள் காமாலை ஆறு மாதம் கழித்து வந்தால், முகாமில் வந்தது என்று யாருக்குத் தோன்றும்?

மஞ்சள் காமாலை என்று சொன்னேன். அதில் பி வகை என்று ஒன்று, சி வகை என்று ஒன்று. இரண்டும் இரத்தத்தின் வழியாகப் பரவுபவை. நாம் எய்ட்ஸுக்குத்தான் பயப்படுகிறோம். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் ஆயிரத்தில் மூன்று பேருக்குத் தொற்றலாம். சி வகையாக இருந்தால் நூற்றில் இரண்டு, மூன்று. பி வகை என்றால், தடுப்பூசி போடாதவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரைக்கும் தொற்றலாம். காய்ந்துபோன இரத்தத் துளியில் ஏழு நாட்கள் வரை அந்த வைரஸ் உயிரோடு இருக்கும். குஜராத்தில் மோடாசாவில் 2009-ல் இந்தப் பி வகை பரவிப் பலர் இறந்தார்கள். பயன்படுத்திய ஊசியைத் திரும்பப் பயன்படுத்தியதுதான் காரணம். உத்தரப் பிரதேசத்தில் உன்னாவ் மாவட்டம் பாங்கர்மாவ் என்ற ஊரில், ஒரு போலி வைத்தியர் ஒரே ஊசியை ஊர் முழுக்கப் போட்டதில் எச்.ஐ.வி. பரவிய செய்தி 2018-ல் வெளிவந்தது. இவை பல் ஆஸ்பத்திரியில் நடந்தவை அல்ல. ஆனாலும் பல் வைத்தியத்தில் இரத்தம் படாத கருவி ஏது? எச்சில், இரத்தம், சீழ் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும் வைத்தியம் அது.

இனி, சுத்தம் என்றால் என்ன என்று பார்ப்போம். நமக்கு உளூ தெரியும், தஹாரத் தெரியும், தண்ணீரின் சட்டம் தெரியும். ஆனால் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவது வேறு, கிருமி சாவது வேறு. பல் கருவிகளுக்கு உரிய முறை ஆட்டோகிளேவ். பெரிய பெயராக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். திரைக்கு அப்பால் இருக்கும் தாய்மார்களுக்கு அது நன்றாகத் தெரியும். பிரஷர் குக்கர்தான்! கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. மூடி, ஆவியை உள்ளே அடைத்து, அழுத்தம் ஏற்றினால் 121 டிகிரி வரும். அந்தச் சூட்டில் 15, 20 நிமிடம் இருந்தால் எந்தக் கிருமியும், கிருமியின் வித்தும் பிழைக்காது. 134 டிகிரியில் வேலை செய்கிற இயந்திரத்தில் மூன்று நிமிடம் போதும், ஆனால் சூடேறவும் உலரவும் தனியே நேரம் வேண்டும். அதற்கு முன்னால் கருவியைத் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும். இரத்தம் ஒட்டியிருந்தால் ஆவி உள்ளே போகாது. அடிப்பிடித்த பாத்திரத்தை அப்படியே குக்கரில் வைத்தால் பற்று போகுமா?

கழுவிய கருவியை ஒரு காகித உறையில் போட்டு ஒட்டி, உறையோடு ஆட்டோகிளேவில் வைப்பார்கள். அந்த உறையில் ஒரு சிறு குறி இருக்கும். சூடும் ஆவியும் பட்டால் நிறம் மாறும். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, உங்கள் கண் முன்னால் அந்த உறையைக் கிழித்துக் கருவியை எடுக்க வேண்டும். நோயாளியாகிய நீங்கள் பார்க்கக் கூடியது, பார்க்க வேண்டியது அதுதான். சில இடங்களில் நீல விளக்கு எரிகிற ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, “எல்லாம் சுத்தம் செய்து வைத்திருக்கிறோம்” என்பார்கள். சுத்தம் செய்த கருவியைப் பத்திரமாக வைக்கத்தான் அந்தப் பெட்டி. அது கருவியைச் சுத்தம் செய்யாது. வெறும் தண்ணீரில் கொதிக்க வைப்பதும் போதாது. பேசின் மருந்துத் தண்ணீர் கதை உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

பல்லைக் கடைகிற இயந்திரத்தின் தலைப்பகுதியையும் ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் கழற்றி ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும், துடைத்தால் போதாது. அதன் வழியே பீய்ச்சுகிற தண்ணீர் ஒரு மெல்லிய குழாயில் வருகிறது. அந்தக் குழாயின் உட்சுவரில் வழுவழுவென்று கிருமிப் படலம் கட்டும், நம் வீட்டு மேல்தொட்டியில் பாசி கட்டுகிற மாதிரி. 2016-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் அனாஹைம் நகரில், பல் சிகிச்சைக்கு வந்த சின்னஞ்சிறு குழந்தைகள் பலருக்குத் தாடை எலும்பு வரைக்கும் தொற்று போனது. தேடிப் பார்த்தால் இந்தக் குழாய்த் தண்ணீர்! பணக்கார நாட்டில், பளபளக்கும் மருத்துவமனையில் நடந்தது. ஆகவே ஏ.சி.யையும் கண்ணாடிக் கதவையும் பார்த்து ஏமாற வேண்டாம். சின்ன அறையில் இருந்துகொண்டு ஒழுங்காகச் செய்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள்.

மரத்துப்போக ஊசி போடுகிறார்களே, அந்த மருந்து ஒரு சிறு குப்பியில் இருக்கும். ஒரு குப்பியிலிருந்து பலருக்கு எடுப்பார்கள். ஒருவருக்குப் போட்ட ஊசியை மறுபடி அந்தக் குப்பிக்குள் குத்தினால், அவ்வளவுதான், அவருடைய இரத்தம் குப்பிக்குள் போய்விட்டது. குப்பியின் ரப்பரில் ஓர் ஊசி குத்தியபடியே நிற்பதைப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள். கையுறை போட்ட கையால் டாக்டர் செல்போனை எடுத்துப் பேசிவிட்டு உங்கள் வாய்க்குள் கையை விட்டால், “டாக்டர், கையுறையை மாற்றிக்கொள்கிறீர்களா?” என்று கேளுங்கள்.

கேட்க நமக்கு வெட்கம். இதுதான் நம் நோய்! ஹஜ்ஜுக்குப் போனால் தலைமுடி இறக்கும்போது “புது பிளேடா?” என்று மொழி தெரியாத நாட்டில் சைகையிலாவது கேட்கிறோம். இங்கே சொந்த ஊரில், சொந்த மொழியில், காசு கொடுத்து வைத்தியம் பார்க்கும் இடத்தில் வாயைத் திறந்தபடி ஊமையாக இருக்கிறோம். டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயம். ஒழுங்காகச் செய்கிறவர் கோபிக்க மாட்டார், சகோதரர்களே. நான் அண்மையில் ஓர் இடத்தில் கேட்டேன். அந்த டாக்டரம்மா சிரித்துக்கொண்டே என்னை உள் அறைக்கு அழைத்துப் போய் இயந்திரத்தைத் திறந்து காட்டினார். “கேட்கிறவர்கள் இருந்தால்தான் எங்களுக்கும் செய்ய ஊக்கம் வரும்” என்றார்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். பல் பிடுங்க டாக்டர் ஒரு தொகை சொன்னால், மாட்டுச் சந்தை மாதிரி பேரம் பேசுகிறோம். “பக்கத்துத் தெருவில் பாதிக்குச் செய்கிறார்கள்” என்கிறோம். பாதிக்கு எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்கிறோமா? உறைக்குக் காசு, கையுறைக்குக் காசு, மின்சாரத்துக்குக் காசு, கூடுதலாக இருபது செட் கருவிக்குக் காசு. அடக்க விலைக்குக் கீழே ஒருவன் சரக்கு விற்றால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுகிறவர்கள் நீங்கள். வைத்தியத்தில் மட்டும் ஏன் அந்தப் புத்தி வேலை செய்வதில்லை? சந்தையிலே துணி விரித்துப் பல் கட்டுகிறவரிடம் போவதைப் பற்றி நான் பேசவே போவதில்லை. சட்டம் அதைத் தடுத்திருக்கிறது. அறியாத மருத்துவத்தைச் செய்து கேடு விளைவித்தவன் அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் நபிமொழியும் இருக்கிறது. மாநிலப் பல் மருத்துவ மன்றப் பதிவு எண்ணை பெயர்ப் பலகையில் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

பல் மருத்துவத் துறை நமக்கு அந்நியமும் இல்லை. 1920-ல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியவர் டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத். மத்திய அரசு அவருக்கு 1964-ல் பத்மபூஷண் வழங்கியது. பட்டம் படிக்க நினைக்கும் இளைஞர்கள் அவரைப் பற்றிப் படியுங்கள்.

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பல் ஆஸ்பத்திரிகளில் உதவியாளராக வேலை பார்க்கிற நம் வீட்டுப் பெண்பிள்ளைகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, சொற்பச் சம்பளத்துக்குப் போகிறார்கள். டாக்டர் வைத்தியம் பார்க்கிறார். இரத்தம் ஒட்டிய கருவியைக் கழுவுகிறவள் அந்தப் பிள்ளை. கனத்த ரப்பர் கையுறை கொடுத்திருக்கிறார்களா? பி வகைக் காமாலைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா? மூன்று ஊசி: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று. இன்று பிறக்கிற குழந்தைகளுக்கு அரசாங்கமே போடுகிறது. பதினெட்டு, இருபது வயதில் வேலைக்குப் போகிற பிள்ளை முழுவதும் போட்டிருக்கிறாளா என்று பெற்றோர்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள். போடவில்லை என்றால் வேலை கொடுத்தவரிடம் கேளுங்கள், அல்லது நீங்களே போட்டுவிடுங்கள். ஊசி குத்திவிட்டால் திட்டுவார்களே என்று மறைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி.க்கு 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால்தான் பயன். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அந்த ஊசியைக் குப்பையில் போட்டால் மறுநாள் காலை துப்புரவுத் தொழிலாளியின் கையில் குத்தும். மருத்துவக் கழிவைத் தனியே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 1998-லேயே விதி வந்து, 2016-ல் புதுப்பிக்கவும் பட்டது.

எச்.ஐ.வி.யோ காமாலையோ உள்ளவர்கள் அதை மறைத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போகிறார்கள். சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம். எச்.ஐ.வி. உள்ளவர்களை அப்படி அனுப்புவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் நோய் இருப்பதாகவே நினைத்து வேலை செய்வதுதான் முறை. அப்படிச் செய்கிற இடத்தில் யாருக்கு என்ன நோய் என்று துருவ வேண்டிய அவசியமே இல்லை. சர்க்கரையையும், இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையையும் மட்டும் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

கத்னா பற்றியும் ஒரு வார்த்தை. கூட்டுக் கத்னா வைபவம் நடத்துகிற ஊர்களில், ஒரே கத்தியும் ஒரே மருந்துத் தண்ணீரும் எத்தனை பிள்ளைகளுக்குப் போகிறது என்று இனிமேல் ஜமாஅத் நிர்வாகிகள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். விருந்துக்கு எத்தனை கிலோ அரிசி என்று கணக்குப் பார்க்கிற அக்கறை இதிலும் வேண்டும்.

முகாம் விஷயத்துக்கு வருகிறேன். தேதி இன்னும் போடவில்லை. வருகிற டாக்டர்களிடம் மூன்று விஷயம் கேட்டிருக்கிறேன். முதலில், எத்தனை செட் கருவி உறையிட்டு வரும்? எத்தனை செட்டோ அத்தனை பேருக்குத்தான் டோக்கன். பேசின் கிடையாது. அடுத்து, அன்று வராண்டாவில் பல் பிடுங்குவது இல்லை; பார்த்துச் சொல்வது மட்டும். பிடுங்க வேண்டியவர்களை ஆட்டோகிளேவ் உள்ள இடத்துக்கு அழைத்துப் போக வண்டி ஏற்பாடு செய்யப்படும். கடைசியாக, பயன்படுத்திய கையுறை, பஞ்சு, ஊசி எல்லாவற்றையும் அவர்களே திரும்ப எடுத்துப் போக வேண்டும்.

நாற்பது செட்தான் தர முடியும் என்று பதில் வந்திருக்கிறது. முகாம் என்றால் இருநூறு பேராவது வரவேண்டும், நாற்பது பேருக்கு நடத்தினால் பத்திரிகைக்காரர்கள் வரமாட்டார்கள் என்று நம் தோழர்கள் சிலருக்கு வருத்தம். வராவிட்டால் போகட்டும். நாற்பது, நாற்பதாக ஐந்து முகாம் நடத்துவோம். ஒரு செட் கண்ணாடியும் கூர்முனையும் வாங்கித் தர விரும்பும் வணிகர்கள் இருந்தால், பணமாகக் கொடுக்க வேண்டாம். எந்தக் கருவி வேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன், சீட்டை என்னிடம் பெற்றுக்கொள்ளுங்கள். டோக்கனுக்குப் பெயர் கொடுப்பவர்கள், சர்க்கரை உள்ளவர்களாக இருந்தால் அதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். முதல் முகாமில் அவர்களுக்கே முன்னுரிமை.